மாடிக்கு வந்த வல்லூறு

ஹைதராபாத்தில் குடியேறிய நம்மவர் பலருக்கும் வானில் வட்டமிடும் பறவை எதுவாயினும் அது பருந்துதான். பருந்து, வைரி, வல்லூறு, இராசாளி என்று தமிழில் பல பெயர்கள் உள. எனினும் நகர வாழ்வில் அவை நம் நாவிலிருந்து நழுவி வருகின்றன. பெயரறிதல் வெறும் பொழுதுபோக்கன்று என்பதைக் கடந்த மார்கழியில் உணர்ந்தேன்.

எங்கள் அடுக்குமாடியின் தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு பறவை நாள்தோறும் வந்தமர்ந்தது. தளமெங்கும் புறாச் சிறகுகள் சிதறிக் கிடந்தன. புறாக்களுக்குத் தானியமிடும் முதியவர் ஒருவர் மனம் நொந்தார். கல்லெறிந்து விரட்டிவிடலாம் என்றனர் இளைஞர் சிலர். விரட்டுமுன் அது இன்னதென அறிவது முறையன்றோ? தொலைநோக்கியையும், 1931-32இல் நிஜாம் ஆட்சிப் பகுதியின் பறவைகளை ஆராய்ந்த சலீம் அலி அவர்களின் நூலையும் கையிலெடுத்தேன்.

கரும்பருந்தின் வால் நடுவே பிளவுபட்டிருக்கும். இதன் வால் அவ்வாறில்லை. வைரியின் சிறகுகள் குறுகி, நுனி வட்டமாக இருக்கும். இதன் சிறகுகளோ நீண்டு கூர்மையாக இருந்தன. கண்ணின்கீழ் மீசை போன்ற கரும்பட்டை. வெளிறிய வயிற்றில் குறுக்குக் கோடுகள். ஐயமில்லை, பொரி வல்லூறு! இவ்வினத்தில் நம் நாட்டுப் பாறை முகடுகளில் கூடமைக்கும் ‘ஷாஹீன்’ வகைக்கு அடிப்புறம் செம்பழுப்பாக இருக்கும். இதன் வெண்மையோ, வடதுருவத்தை அடுத்த குளிர்வெளிகளிலிருந்து பனிக்காலத்தைக் கழிக்க வந்த வகை இதுவெனக் காட்டிற்று.

இரைமீது பாய்கையில் மணிக்கு 300 கிலோமீட்டரையும் கடக்கும் இப்பறவை, ஒரு காலத்தில் மேலைநாடுகளில் அழிவின் விளிம்பை எட்டியது. டி.டி.டி. பூச்சிமருந்து இரையின் வழியே இதன் உடலிற் சேர, முட்டையோடுகள் மெலிந்து உடைந்தன. இதனை 1967இல் டெரெக் ராட்கிளிஃப் எடுத்துக்காட்டினார். அமெரிக்கா 1972இல் அம்மருந்தைத் தடைசெய்தது. அதே ஆண்டில் பிறந்த நம் நாட்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இப்பறவையும் இடம்பெற்றுள்ளது.

இவற்றைக் கூறியதும் இளைஞர்கள் கல்லைக் கீழே போட்டனர். முதியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அதற்கும் பசி உண்டல்லவா, தம்பி” என்றார். மறுநாள் முதல் தானியத்தை மாடியில் இறைக்காமல், கீழே வேப்பமரத்தடியில் இட்டார். புறாக்கள் அங்கே வந்தன. வல்லூறும் தன் வேட்டையை விடவில்லை. எனினும் ஒருவரும் அதனை விரட்டவில்லை.

சங்கராந்தியன்று இந்நகரமே பட்டம் விடும். செயற்கை மாஞ்சா நூலைப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் தடைசெய்தும், அது விற்பனையாகாமலில்லை. பறக்கும் சிறகை அது கத்திபோல் அறுத்துவிடும். எனவே நம் பிள்ளைகளுக்குப் பருத்தி நூலையே வாங்கிக் கொடுப்போம். விழா முடிந்ததும் மரங்களிலும் மாடிகளிலும் சிக்கிய நூலை அகற்றுவோம். வடக்கிலிருந்து வந்த பறவை பங்குனியில் நலமே ஊர் திரும்பட்டும்.