பின்னிருக்கையில் ஓர் இடம்

மனிதன் தனக்கெனச் சேர்த்துக்கொள்ளும் பொருள்களுள் சில அவன் கையில் அடங்கும். சில அவன் வீட்டில் அடங்கும். வேறு சிலவோ வீட்டைவிட்டு வெளியே வந்து, தெருவில் நின்று, தம்மை உடையவன் எத்தகையவன் என்பதை ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். மோட்டார் கார் இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது. அதிலும், குடும்பம் முழுவதும் ஏறி அமரத்தக்க பெரிய காரை வைத்திருப்பவன் அதன் அகலத்தைத் தன் அகலமாகவே எண்ணிக்கொள்ளும் அபாயம் உண்டு. அந்த அகலம் யாருக்காக என்னும் கேள்வி எழுவதைப் பொறுத்தே ஒரு காரின் வரலாறு வீட்டு வரலாறாகவோ ஊர் வரலாறாகவோ அமைகிறது. நம் வீட்டில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நின்றுகொண்டிருக்கும் அம்பாசிடர் கார் ஒன்றை முன்னிட்டு இதைச் சற்று எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

முன்னே எந்திரம், நடுவே மனிதர், பின்னே பெட்டி படுக்கை என்று மூன்று அறைகளாகப் பகுக்கப்பட்ட காரைச் செடான் என்பர். நம் நாட்டில் மூன்று தலைமுறையினருக்குச் செடான் என்றாலே அம்பாசிடர்தான். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரை அடுத்த கௌலியில் உருவான மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மூன்றாம் வரிசையே இதன் மூலம். அவ்வடிவத்தைப் பெற்று, கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950-களின் இறுதியில் இதை உருவாக்கத் தொடங்கியது. மூலக் காரைப் பிறந்த நாடு சில ஆண்டுகளிலேயே கைவிட்டுவிட, வளர்ப்பு நாடு அதை அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காப்பாற்றியது. 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் உற்பத்தி நின்றது. 2017-இல் அந்தப் பெயரை மட்டும் பிரான்சு நாட்டுப் பெஜோ குழுமம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிற்று. அமைச்சர்களும் ஆட்சியர்களும் வெள்ளை அம்பாசிடரில் சென்றதால் அது அதிகாரத்தின் சின்னமாகவும் விளங்கியது; அதே கார் மஞ்சளும் கறுப்பும் பூசிக்கொண்டு டாக்சியாகவும் உழைத்தது.

இத்துணை நீண்ட வாழ்வுக்கு அதன் சிறப்பு மட்டும் காரணமன்று. தொழில் உரிமக் கட்டுப்பாடும் இறக்குமதித் தடையும் நிலவிய அந்நாளில், கார் வாங்க விழைந்தவர்க்கு அம்பாசிடர், ஃபியட், நம் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஆகியவற்றை விட்டால் வேறு வழியில்லை. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோரும் உண்டு. போட்டியில்லாத இடத்தில் பொருள் மேம்படுவதில்லை என்பதற்கு இக்காரையே சான்றாகக் காட்டுவர் பொருளியல் அறிஞர், அது உண்மையே. ஆயினும், ஒரே வடிவம் மாறாது நின்றதால் ஒரு நன்மையும் விளைந்தது. சிற்றூர்ப் பட்டறைகளிற்கூட அதைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். வேண்டிய உதிரிப் பாகம் ஏதேனும் ஒரு கடையில் தொங்கிக்கொண்டிருந்தது.

திண்டுக்கல்லில் வெங்காய மண்டி வைத்திருந்த நம் தந்தையார், 1978-இல் பதிவான அம்பாசிடர் ஒன்றை 1982-இல் இரண்டாம் கையாக வாங்கினார். அப்போது நமக்கு வயது 12. 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எந்திரம், ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளம், 1.6 மீட்டர் உயரம். எங்கள் தெருவின் முதியோர் அதைக் கார் என்று சொல்ல மாட்டார்கள். ‘பிளசர்’ என்றே சொல்வார்கள். இன்பம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் நம் கிராமங்களில் வண்டிக்கே பெயராகிவிட்டதை நினைத்தால் இன்றும் புன்னகை வருகிறது. வண்டியின் சொந்தப் பெயருக்கோ தூதர் என்பது பொருள். இவ்விரு பெயர்களுள் எது அதற்குப் பொருந்தியது என்பதைப் பின்னர் வந்த ஆண்டுகள் காட்டின.

கியர்க் கோல் தரையில் இல்லாமல் ஸ்டியரிங் தண்டின் பக்கவாட்டில் அமைந்திருந்ததால், முன்னிருக்கை நடுவே பிளவுபடாத ஒரே பலகையாக நீண்டிருந்தது. அதில் ஓட்டுபவரைச் சேர்த்து மூவர். பின்னால் மூவர் அல்லது நால்வர். அவர்கள் மடியில் பிள்ளைகள். திருமண வீட்டிற்கோ துக்க வீட்டிற்கோ செல்லும்போது ஒன்பது பேருக்குக் குறைந்து அதில் சென்றதாக நமக்கு நினைவில்லை. டிக்கியில் அரிசி மூட்டையும் வாழைத்தாரும் அருகருகே கிடக்கும். யார் எங்கே அமர்வது என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. பாட்டிக்குச் சன்னலோரம், குமட்டல் வருபவர்க்கு மறுசன்னலோரம், கால் நீட்ட வேண்டியவர்க்கு முன்னிருக்கை, சிறுவர்க்கு எஞ்சிய இடம். அச்சட்டத்தின்கீழ், வாங்கியவர் என்ற முறையில் தந்தைக்கு எந்த இடமும் ஒதுக்கப்படவில்லை.

தெருவில் அந்நாளில் வேறு கார் இல்லை. நள்ளிரவில் வாசற்கதவு தட்டப்பட்டால் யாரோ ஒருவருக்கு வலி கண்டிருக்கிறது என்று பொருள். “அண்ணே, பிளசரைக் கொஞ்சம் எடுங்கண்ணே” என்ற குரலுக்கு, “யாருக்கு?” என்பதைத் தவிர வேறு கேள்வி தந்தையிடமிருந்து எழுந்ததில்லை. உள்ளூரில் முடியாவிட்டால் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு 60 கிலோமீட்டருக்கும் சற்று மேல். பெட்ரோலுக்கென்று யாரேனும் நீட்டும் பணத்தை, பிள்ளைக்குப் பால் வாங்கச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். எங்கள் தெருவில் இன்று 40 வயதை எட்டியோர் சிலரின் தாய்மார், அப்பின்னிருக்கையில் பற்களைக் கடித்துக்கொண்டு சென்றவர்களே.

இதைப் பாராட்டும்போது மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நீதியாகாது. கணக்கு எழுதியவர் அன்னை. லிட்டருக்கு 9 அல்லது 10 கிலோமீட்டர் ஓடும் வண்டி, மாத முடிவில் மளிகைக் கடைச் சிட்டையை நீளச் செய்யும். வெங்காய விலை சரிந்த ஆண்டுகளில், பெட்ரோல் பங்கின் பாக்கி அடைந்த பிறகே எங்கள் பள்ளிச் சீருடைக்குத் துணி வந்தது. தம் உடன்பிறந்தாள் வீட்டு வளைகாப்புக்குப் பட்டுடுத்தி நின்ற அன்னை, வண்டி வேறொருவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டதால் பேருந்து நிலையம் வரை நடந்துசென்றதும் உண்டு. “ஊருக்கு வாங்கின காரில் நமக்கும் எப்பவாவது இடம் கிடைக்கும்” என்பார். அச்சொல்லில் இருந்த கசப்பை அன்று நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டோம். ஈகை என்பது ஈபவர் ஒருவரின் கையிலிருந்து மட்டும் போவதன்று. அவர் வீட்டார் அனைவரிடமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. அவர்களுடைய ஒப்புதலை யாரும் கேட்பதில்லை.

வசதி என்னும் சொல்லையும் இவ்வண்டியே நமக்கு விளக்கியது. அம்பாசிடரின் வசதி மெத்தையின் மென்மையில் இல்லை. நிமிர்ந்து அமரத்தக்க உயரம், முழங்கால் இடிக்காத இடைவெளி, குனியாமல் ஏறி இறங்கத்தக்க கதவு, பள்ளங்களை வாங்கிக்கொள்ளும் பின்புற வில் பட்டைகள் ஆகியவற்றில் அது அடங்கியிருந்தது. ஆனால் ஓட்டுபவருக்கு அவ்வசதியில் பங்கு குறைவு. ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கு எந்திர உதவி எதுவும் இல்லை. நின்ற வண்டியைத் திருப்புவது செக்கிழுப்பது போன்ற வேலை. எந்திரத்தின் சூடு காலில் இறங்கும். எதிர்வரும் வண்டிக்கு விளக்கைத் தாழ்த்தும் பொத்தான்கூடத் தரையில், இடக்காலுக்கு அருகில் இருந்தது. வத்தலக்குண்டைத் தாண்டிக் கொடைக்கானல் மலைப்பாதையில் ஒன்பது பேருடன் ஏறும்போது, பின்னால் இருந்தவர்கள் பாடிக்கொண்டு வந்தனர். முன்னால் இருந்தவரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒருவர் சாய்ந்து அமர்கிறார் என்றால், எங்கோ ஒருவர் நிமிர்ந்து அமர்ந்து பாரத்தை ஏற்கிறார் என்பதை அந்த ஈரச் சட்டை நமக்குச் சொல்லிற்று.

காலம் மாறியது. 1983 டிசம்பரில் மாருதி வந்தது. 1990-களில் உரிமக் கட்டுப்பாடுகள் தளர, பலவகைக் கார்கள் வந்தன. எங்கள் தெருவிலும் ஒன்று, இரண்டு, ஏழு என்று பெருகி, பிற்பாடு நிறுத்த இடமில்லை என்பதே வழக்காயிற்று. 2008 செப்டம்பரில் தமிழகத்தில் 108 அவசர ஊர்திச் சேவை தொடங்கிய பின்னர், நள்ளிரவில் எங்கள் கதவு தட்டப்படுவது நின்றேபோனது. இது வருந்துவதற்குரியதன்று; பெரிதும் மகிழ்வதற்குரியது. ஓர் ஏழைத் தாயின் உயிர், பக்கத்து வீட்டாரின் பெருந்தன்மையையும் அவர் வண்டியில் இருக்கும் பெட்ரோலின் அளவையும் நம்பியிருப்பது நல்ல சமுதாயத்திற்கு அழகன்று. இரக்கமாக இருந்தது உரிமையாக மாறியிருக்கிறது. ஆயினும், பணி ஓய்வு பெற்ற முதியவரைப்போல் அம்பாசிடர் கொட்டகையில் ஒதுங்கியது.

தந்தையார் மறைந்த பின் வண்டி தம்பியின் பொறுப்பில் வந்தது. முதற்பதிவு 15 ஆண்டுகளுக்கு. அதன்பின் ஐந்தாண்டுக்கொரு முறை புதுப்பித்தல். அவ்வாறே 1993 முதல் புதுப்பித்து வந்த ஆர்.சி. புத்தகம் 2023-இல் மீண்டும் முறைக்கு வந்தது. பழைய கார்களின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம், 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாக உயர்ந்திருந்தது. டிங்கரிங் வேலைக்கும் எஃப்.சி.க்கும் தனிச் செலவு. வீட்டில் வேறொரு புதிய காரும் இருந்தது. வண்டியை உடைப்புக்குப் போட்டுவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. அச்சமயம் விடுமுறைக்குச் சென்றிருந்த நம்மையும் கேட்டார்கள்.

போட்டுவிட வேண்டும் என்று உறுதியாகச் சொன்னவள் தம்பியின் மகள், பொறியியல் படிப்பவள். “பெரியப்பா, இதுல சீட் பெல்ட் இல்ல, ஏர்பேக் இல்ல. இந்தப் புகையை நம்ம தெருக் குழந்தைகள்தான் சுவாசிக்குது. தாத்தா ஞாபகம்னா போட்டோ இருக்கே” என்றாள். அவள் கூற்றில் பிழை காண நமக்கு இயலவில்லை. நினைவு என்பதற்காக மட்டும் ஒரு பொருளை வைத்திருப்பது, அப்பொருளுக்கும் நினைவுக்கும் செய்யும் மரியாதையாகாது. அந்த வண்டியை நேசித்தவர், பயன்படாது நின்றால் முதல் ஆளாக விற்றிருப்பார்.

ஆனால் வீட்டில் 79 வயது அன்னை இருந்தார். இரு முழங்கால்களும் தேய்ந்தவர். இன்றைய செடான்களின் உயரம் பெரும்பாலும் ஏறத்தாழ 1.5 மீட்டர்தான், அவற்றில் அமர்வது கிணற்றில் இறங்குவது போலவும், எழுவது அதிலிருந்து ஏறுவது போலவும் அவருக்கு இருந்தது. உயரமான புதுவகைக் கார்களிலோ படியேற வேண்டும். அம்பாசிடரின் பின்னிருக்கையோ அவர் இடுப்பளவில், நாற்காலியைப்போல் காத்திருந்தது. அவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. நாம் வற்புறுத்திக் கேட்டபோது, “எனக்காக வச்சிருக்க வேணாம்ப்பா. அந்த வண்டி எனக்குன்னு எப்ப இருந்துச்சு?” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கூடத்தில் இருந்த எவரும் சிரிக்கவில்லை.

அந்த ஒரு சொல்லில் நாற்பதாண்டுக் கணக்கும் அடங்கியிருந்தது. ஊரார் அனைவருக்கும் இடம் தந்த வண்டியில், அவருக்கு இடம் தர வேண்டிய காலம் அதுவே என்பது எல்லாருக்கும் ஒருசேர விளங்கிற்று. முதலில் எழுந்து ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்துவந்தவள் தம்பியின் மகளே. ஆனால் தன் கருத்தை அவள் விட்டுவிடவில்லை, நிபந்தனைகள் விதித்தாள். எந்திரத்தைச் சீர்செய்து புகைச் சோதனையில் தேற வேண்டும். முன்னும் பின்னும் இருக்கைப்பட்டை பொருத்த வேண்டும். நெடுஞ்சாலையில் கொண்டுசெல்லக் கூடாது. ஊருக்குள், மெதுவாக மட்டுமே ஓட வேண்டும். தம்பி அனைத்துக்கும் இசைந்தார். பட்டறையில் பதினெட்டு நாள்கள் கிடந்து வண்டி வெளியே வந்தது.

இப்போது வாரம் இருமுறை அது புறப்படுகிறது. முழங்கால் பயிற்சிக்காக அன்னையை மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறாள் பேத்தி. ஓட்டுவது கடினம் என்று குறைகூறுகிறாள். தோள் வலிக்கிறது என்கிறாள். ஆயினும் சாவியை வேறு யாரிடமும் கொடுப்பதில்லை. முதல் மாதத்திலேயே, அடுத்த வீட்டு மூதாட்டி ஒருவர் தமக்கும் முழங்கால் வலி என்று வாசலில் வந்து நின்றார். அதற்கடுத்த மாதம் எதிர்வீட்டிலிருந்து இன்னொருவர். தாழ்ந்த கார்களில் ஏற இயலாதவர்கள் ஒரு தெருவில் இத்தனை பேர் இருப்பதை அதுவரை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. இப்போது பின்னிருக்கையில் மூவர் செல்கின்றனர். சன்னலோரம் மட்டும் அன்னைக்கு. அதை அவர் எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று அறிகிறோம். கேட்டு மகிழ்ந்தோம்.

உடைமை ஒருவருடையதாக இருக்கலாம். அதன் பயன் ஒருவரோடு நின்றுவிட வேண்டியதில்லை. பெரிய பொருளை வைத்திருப்போர்க்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். தெருவில் இன்று நிற்கும் பெரிய கார்கள் பலவற்றில், ஓட்டுபவர் ஒருவரே அமர்ந்து போவதைக் காண்கிறோம். அவர்கள்மீது நமக்குக் குறையில்லை. அவசரமும் அலுவலும் அவரவர்க்கு உண்டு. அவற்றின் வெற்றிடங்களைக் காணும்போதெல்லாம், அந்த இடத்தில் ஏறத்தக்கவர் யாரேனும் அதே தெருவில் கம்பூன்றி நின்றுகொண்டிருப்பாரோ என்று மட்டும் நம் மனம் கேட்டுக்கொள்கிறது.

பதிவு 2028-இல் மீண்டும் முடியும். அப்போது வண்டிக்கு வயது 50, அன்னைக்கு 84. சட்டமும் கட்டணமும் எவ்வாறிருப்பினும், அன்று அதை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதை வண்டியின் வயதை வைத்து முடிவு செய்வதில்லை என்று தம்பி வீட்டில் பேசி வைத்திருக்கிறார்கள். வாரம் இருமுறை அதற்காகக் காத்திருப்போர் அன்று எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தே முடிவு செய்வார்களாம்.