கட்டம் போடாத கோடுகள்

மதுரை சிம்மக்கல்லை ஒட்டிய சந்தில் ஒற்றை அறை வீடு. "வாங்க தம்பி. செருப்பை அங்கிட்டு விட்டுட்டு, பாத்து வாங்க. படம் கிடக்கும், மிதிச்சிராதீங்க" என்றார் பெரியவர். தரையெங்கும் கல்யாணப் பத்திரிகைகள். உள்பக்கம் வெறுமையாக உள்ள தடித்த அட்டைகளாகப் பார்த்துச் சேர்த்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் பென்சில் படம், மூலையில் தேதி. தினம் இரண்டாவது வரையாமல் படுப்பதில்லையாம்.

சினிமா பேனர் வரைந்தவர். 1968-இல், பதினாலு வயதில், பிரஷ் கழுவும் பையனாகப் பட்டறைக்குள் நுழைந்தார். பிறகு பின்னணிக்கு வண்ணம் நிரப்புகிற வேலை, அப்புறம் உடைகள், கை கால்கள். முகத்தில் பிரஷ் வைக்க ஏழு வருஷம் ஆனது. எழுத்துக்குத் தனி ஆள். 1952-இல் 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டருக்குத் தன் பேனர் போன நாளைச் சொல்லும்போது முதுகு தானாக நிமிர்கிறது.

அந்த வேலை நடந்த விதத்தைக் கேட்டேன். ரீப்பர் கட்டைச் சட்டத்தில் காடாத்துணியை இழுத்து அடித்து, வஜ்ஜிரப் பசையில் வெள்ளைப் பொடி கலந்து பூசிக் காயவிடுவார்கள். கம்பெனி அனுப்பிய ஸ்டில் மேல் அங்குலத்துக்கு ஒரு கட்டம். கரித்தூள் தேய்த்த நூலைத் துணியின் இரு பக்கமும் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் கோடு விழும். அங்கே ஒரு கட்டம் ஒரு அடி, பெரிய பேனரென்றால் இரண்டு அடி. சாரத்தில் நிற்பவர் கண்ணெதிரே நாயகியின் மூக்கு மட்டும் இருக்கும். கட்டத்தை நம்பித்தான் கை போக வேண்டும். படம் ஓடி முடிந்ததும் அதே துணிக்கு மறுபடி வெள்ளை. அதன்மேல் அடுத்த முகம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃப்ளெக்ஸ் வந்தது. சில வருஷங்களில் சாரம் இறங்கிவிட்டது.

"ஒரு வேடிக்கை சொல்லவா தம்பி? படம் ரிலீசாகுறதுக்கு முன்னாடி பேனர் நிக்கணும். அதனால பாக்காத படத்தைத்தான் நாங்க பூராம் வரைஞ்சோம். எவனோ எடுத்த ஸ்டில்லு, எங்க கையி. படம் வர்ற அன்னைக்கு அடுத்த பேனருக்குத் துணி அடிச்சுக்கிட்டு இருப்போம்."

அந்தப் பாக்கியைத்தான் இப்போது வசூலிக்கிறார். மத்தியானம் டிவியில் பழைய படம் ஓட, கையில் நாலு பி பென்சிலோடு உட்காருகிறார். அவருக்கு ஒரே சட்டம்: படத்தை நிறுத்தக் கூடாது. ஆள் திரும்புவதற்குள் தோளையும் கழுத்தையும் பிடித்துவிட வேண்டும். மீதியை விளம்பரத்தில் முடிப்பார். "ஊரே விளம்பரத்தைத் திட்டும். எனக்கு அது லாபம்."

நான் போன அன்று பேரனின் கைபேசியில் 'அந்த நாள்' போட்டுக் கேட்டார். எஸ். பாலசந்தர் இயக்கி 1954-இல் வந்த படம், பாட்டே கிடையாது. தொடக்கத்திலேயே துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி நெஞ்சைப் பிடித்துத் தள்ளாடுகிறார். பெரியவரின் பென்சில் முகத்துப் பக்கமே போகவில்லை. பென்சிலைப் படுக்கவைத்து அட்டையில் பாதியைக் கறுப்பாகத் தேய்த்தார். பிறகு ரப்பரின் விளிம்பால் ஒரு இழுப்பு: நெற்றி. இன்னொன்று: கன்னம். சின்னதாக ஒரு ஒற்று: கண். அவ்வளவுதான், ஆள் வந்துவிட்டார்.

"இருட்டைப் போட்டா முகம் தானா வரும். இதை பேனர்ல செஞ்சிருந்தா சீட்டைக் கிழிச்சிருப்பாங்க. 'என்னய்யா, ஹீரோ மூஞ்சியில கரியப் பூசிட்டே'ன்னு கேப்பாக. நிழல் விழுற இடத்துல நீலமும் பச்சையும் அடிப்போம். பஸ்ஸுல போறவனுக்கு முகம் தெரியணும்ல?"

என்னிடமும் ஒரு பத்திரிகையை நீட்டினார். நாலு கோடு போடுவதற்குள், "அட்டையவே பாக்குறீங்க தம்பி. அங்க பாருங்க. கையி அது பாட்டுக்கு வரும்" என்றார். அட்டையைப் பார்க்காமல் வரைந்தேன். படத்து நாயகி பண்டரிபாய் பூசணிக்காய் மாதிரி வந்தார். அவர் சிரிக்கவில்லை, தேதி போடச் சொன்னார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு யானைக்கல் டீக்கடையில் அவரைப் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்து டீ மாஸ்டரை வரைந்துகொண்டிருந்தார். பாய்லருக்குப் பின்னால் இருந்த சுவரைக் கறுப்பாகத் தேய்த்திருந்தார். தூக்கி ஆற்றும் டீ மட்டும் அட்டையின் வெள்ளையாகவே நீளமாக இறங்கியது. மாஸ்டர் எட்டிப் பார்த்து, "எங்கய்யா என் மூஞ்சி?" என்றார்.

"இருய்யா, இன்னும் ஒரு டீ ஆத்து" என்றார் பெரியவர், நிமிர்ந்து அவரையே பார்த்தபடி. கை அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.