ஆறு பேருக்கு ஒரு விருந்து

அறுபது பேருக்குச் சமைப்பது ஒன்றும் பெரிய காரியமல்ல. நல்ல சமையல்காரராகப் பார்த்து, அண்டாவையும் கரண்டியையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டு, பட்டுப் புடவை சரசரக்க, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள்" என்று பந்தியில் உபசாரம் செய்துகொண்டு போனால் போதும். ஆறு பேருக்குச் சமைப்பதுதான் கஷ்டம். ஆறு பேர் என்றால் ஒவ்வொருவர் இலையும் கண்ணுக்குத் தெரியும். ஒருவர் ஒரு பதார்த்தத்தை ஓரமாக ஒதுக்கினாலும் மனசுக்குள் சுருக்கென்கிறது. அந்த ஆறு பேரில் ஒருவருக்கு நாம் தீராத கடன் பட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்!

என் மகள் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் குடித்தனம் செய்கிறாள். ஜலகண்டாபுரத்தில் தறிச் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த பெண். இப்போது சத்தமே இல்லாத ஒரு தெருவில் இருக்கிறாள். இரண்டு வருஷங்களுக்கு முன்பு அவளுக்குப் பிரசவ சமயம். இங்கே என் வீட்டுக்காரருக்கு இருதய சிகிச்சை நடந்து, அவர் படுக்கையில் இருந்தார். என்னால் நகர முடியவில்லை. இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே என்று மாப்பிள்ளை உத்தியோக விஷயமாக வெளியூர் போயிருந்த இரவில் வலி கண்டுவிட்டது. வெளியே கொட்டுகிற பனி. பக்கத்து வீட்டு அம்மாளுக்கு அப்போது எழுபத்து மூன்று வயது. அவர்தான் எழுந்து வந்து, தம் காரிலேயே மகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அதோடு விடவில்லை. நாற்பது நாள், தினம் காலையில் வந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "நீ போய் ஒரு மணி நேரம் தூங்கு" என்று இவளை அனுப்புவாராம். நான் செய்ய வேண்டிய வேலை அது. முகம் தெரியாத ஒரு பெண்மணி செய்தார்.

போன வருஷம் அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் டெலிபோனில் மகள் கூப்பிட்டாள். "அம்மா, நன்றி சொல்லும் பண்டிகை வருகிறது. அந்த அம்மா இந்த வருஷம் தனியாகத்தான் இருக்கிறார்கள். நம் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறேன். இன்னும் இரண்டு சிநேகிதிகள் வருகிறார்கள். மொத்தம் ஆறு பேர். என்ன சமைக்கட்டும்?" என்றாள்.

அது என்ன பண்டிகை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமை வருவது. 1621-ல் பிளிமத் என்ற இடத்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள், முதல் அறுவடை நல்லபடியாக வீடு வந்து சேர்ந்ததற்காக மூன்று நாள் விருந்து கொண்டாடினார்களாம். அந்த மண்ணின் பூர்வ குடிகள் தொண்ணூறு பேர் ஐந்து மான்களைக் கொண்டுவந்து கலந்துகொண்டார்கள். அந்தப் பூர்வ குடிகளுக்கு அப்புறம் நேர்ந்த கதி வேறு. அவர்களுடைய சந்ததியார் 1970 முதல் அதே நாளில் அதே பிளிமத்தில் கூடித் துக்கம் அனுசரிக்கிறார்கள். ஒரே நாள், ஒருவருக்கு விருந்து, இன்னொருவருக்கு விரதம்.

அதைத் தேசம் முழுவதற்குமான பண்டிகையாக்கியது ஒரு பத்திரிகை ஆசிரியை என்பதைக் கேட்டபோதுதான் எனக்கு அந்தப் பண்டிகையின் மேல் தனிப் பிரியம் விழுந்தது. சாரா ஜோசபா ஹேல் என்று பெயர். ஐந்து குழந்தைகளோடு விதவையாகி, எழுதிப் பிழைத்து, மாதர் பத்திரிகை ஒன்றின் ஆசிரியையாக உயர்ந்தவர். வருஷா வருஷம் தம் பத்திரிகையில் இதைப் பற்றி எழுதினார். ஜனாதிபதிகளுக்கெல்லாம் கடிதம் போட்டார். கடைசியில் 1863-ல், உள்நாட்டு யுத்தம் உக்கிரமாக நடந்துகொண்டிருந்த சமயத்தில், லிங்கன் ஒப்புக்கொண்டு பிரகடனம் வெளியிட்டார். சமையற்கட்டு விஷயம் எழுதுகிற பத்திரிகைதானே என்று நம் பத்திரிகைகளை இளக்காரமாகப் பார்க்கும் ஆண்பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்!

அறுவடைக்கு நன்றி என்றால் நமக்குத் தெரியாததா? நம் பொங்கல்தான். சூரியனுக்கு ஒரு நாள், மாட்டுக்கு ஒரு நாள். எங்கள் பக்கத்தில் போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வாசலில் காப்புக் கட்டுவோம். மேட்டூர் அணை எங்களுக்குப் பக்கம்தான். ஆனால் ஊரைச் சுற்றி மானாவாரிக் காடுதான் அதிகம். அணைத் தண்ணீர் எங்களைத் தாண்டித் தஞ்சாவூருக்குப் போய், அங்கே நெல்லாக விளைந்து, மூட்டையில் ஏறித் திரும்பி வரும். ஆகவே பொங்கல் பானை வைக்கும்போது எங்கள் காட்டுக் குச்சிக்கிழங்குக்கும் கடலைக்காய்க்கும் ஒரு கும்பிடு, கண்ணால் காணாத தஞ்சாவூர் உழவனுக்கு ஒரு கும்பிடு.

மகளிடம், "பொங்கலுக்குச் செய்வதையே செய், கண்ணு" என்றேன்.

"அவர்கள் வான்கோழி, பரங்கிக்காய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்களே, அம்மா!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பரங்கிக்காயை எங்கள் பக்கத்தில் அரசாணிக்காய் என்போம். அரசாணியும் சர்க்கரைவள்ளியும் இல்லாமல் எந்த வீட்டில் பொங்கல் குழம்பு கொதிக்கிறது? பிறகு யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. இவை இரண்டும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தவை. நிலக்கடலை, மக்காச்சோளம், குச்சிக்கிழங்கு எல்லாம் அப்படியே. மிளகாய்கூட அங்கிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்ததுதான். அதற்கு முன் நம் காரமெல்லாம் மிளகு. மிளகைப் போல் காரமுள்ள காய் என்பதால் மிளகாய். ஆக, என் மகள் அந்த ஊர்க்காரருக்கு அந்த ஊர்ச் சாமான்களையேதான் பரிமாறப் போகிறாள். நானூறு வருஷம் ஊர் சுற்றி, நம் தாளிப்பைக் கற்றுக்கொண்டு வந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

அம்மாளும் மகளும் நாலு நாள் பேசி ஒரு பட்டியல் போட்டோம்.

வான்கோழி வேண்டாம் என்றேன். ஏழெட்டு கிலோ எடையுள்ள பறவையை வாங்கி, ஆறு பேர் தின்று, மிச்சத்தைப் பத்து நாள் ஐஸ் பெட்டியில் வைத்துப் பார்ப்பதில் என்ன அழகு? அதற்குப் பதில் பள்ளிபாளையம் கோழி. நாமக்கல் ஜில்லாவில், ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் இருக்கிறதே, அந்தப் பள்ளிபாளையத்தின் பெயரைத் தாங்கிய வறுவல். மசாலாப் பொடி எதுவும் கிடையாது. ஒரு கிலோ கோழிக்கு இருபது முப்பது சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், மஞ்சள் தூள், உப்பு, பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய், அவ்வளவுதான். மிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிட்டு எண்ணெயில் போட்டு, அதோடு வெங்காயத்தை வதக்கி, கோழியைச் சேர்த்துத் தண்ணீர் தெளித்து மூடி வேக வைக்க வேண்டும். தேங்காய்ப் பல்லைக் கடைசியில் போட்டுச் சுண்ட வறுக்க வேண்டும். அந்த அம்மாளுக்காக மிளகாயைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். சின்ன வெங்காயத்தைக் குறைக்கக் கூடாது. ருசி அதில்தான் இருக்கிறது.

சிநேகிதிகளில் ஒருத்தி சைவம். அவளுக்கென்று தனியாக ஒரு மூலையில் ஏதோ வைத்துவிட்டால் போதாது. நடுவில் வைக்கிற குழம்பே அவளும் சாப்பிடக் கூடியதாக இருக்க வேண்டும். ஆகையால் அரசாணிக்காயும் மொச்சையும் போட்ட புளிக்குழம்பு. காயின் தோலைச் சீவாமல் பெரிய துண்டாகப் போட்டால் கரையாமல் நிற்கும். பச்சை மொச்சைக்கு அங்கே எங்கே போவது என்று நான் கவலைப்பட, குஜராத்திக்காரர் கடையில் உறைய வைத்த மொச்சை கிடைக்கிறது என்றாள். சோற்றுக்கு அரிசிம்பருப்பு: இரண்டு ஆழாக்கு அரிசிக்கு அரை ஆழாக்குத் துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம், மிளகு எல்லாம் ஒரே பாத்திரத்தில். மேலே நெய். குழந்தை முதல் கிழவி வரை யாருக்கும் ஒத்துக்கொள்ளும் சோறு அது.

அவர்கள் வழக்கமாகச் செய்கிற ஒரு சிவப்புப் பழத் துவையல் உண்டாம். கிரான்பெர்ரி என்று பெயர். புளிப்பு எப்படி என்று கேட்டேன். "நம் களாக்காய் மாதிரி, அம்மா" என்றாள். பிறகென்ன? நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயப் பொடி, மிளகாய்த் தூள், கொஞ்சம் வெல்லம் போட்டுத் தொக்காகக் கிளறச் சொல்லிவிட்டேன். சர்க்கரைவள்ளியை வேக வைத்து, தேங்காய்ப் பூ தூவித் தாளித்தால் தீர்ந்தது.

பாயசம் மட்டும் என் பிடிவாதம். ஜவ்வரிசிப் பாயசம்தான் என்று சொல்லிவிட்டேன். சேலத்துப் பெண் வேறு எதை வைப்பாள்? எங்கள் ஜில்லாவின் குச்சிக்கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, மாவாக்கி, உருட்டிக் காயவைத்த முத்து அது. 1981-ல் அதற்கென்றே சேலத்தில் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. 2023-ல் 'சேலம் ஜவ்வரிசி' என்று புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஒரு ஆழாக்கு ஜவ்வரிசியை நெய்யில் பொரியப் பொரிய வறுத்து, தாராளமாகத் தண்ணீர் விட்டு, முத்துக்கள் கண்ணாடி போல் ஆகும்வரை வேகவிட வேண்டும். வெல்லப் பாகை வடிகட்டிச் சேர்த்து, அடுப்பிலிருந்து இறக்கி, சூடு சற்றுத் தணிந்த பிறகே காய்ச்சிய பாலை விட வேண்டும். வெல்லம் கொதிக்கும்போது பாலை விட்டால் திரிந்துவிடும். ஏலக்காய், முந்திரி உங்கள் இஷ்டம்.

பட்டியல் முடிந்ததும் மகள், "எல்லாம் நானே செய்துவிடுகிறேன், அம்மா. அவர்கள் ஒரு துரும்பைக்கூடத் தொடக்கூடாது" என்றாள்.

அதைத்தான் நான் ஒப்புக்கொள்ளவில்லை. "அந்த அம்மாவின் கைப்பக்குவம் எது?" என்று கேட்டேன்.

பரங்கிக்காயில் ஒரு பலகாரம் செய்வாராம். மாவுக் கிண்ணத்தில் இனிப்பு விழுதை ஊற்றிச் சுடுவது. புருஷன் இருந்த காலத்தில் அவர் வீட்டில் இந்தப் பண்டிகைக்கு இருபது பேர் உட்காருவார்கள். நாலு பலகாரம் சுடுவாராம். புருஷன் போன பிறகு சுடுவதில்லை. பிள்ளைகள் தூர தேசத்தில். என் வீட்டில்கூட மாமியார் இருந்தபோது பொங்கலன்று பதினெட்டு இலை போடுவோம். இப்போது இரண்டு இலை. பெரிய பொங்கல் பானை பரண்மேல் ஏறி நாலு வருஷமாகிறது. ஆகையால் அந்த அம்மாளின் நிலை எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"அவர்களை ஒரே ஒரு பலகாரம் செய்துகொண்டு வரச் சொல், கண்ணு. வெறுங்கையோடு வந்து உட்கார்ந்து, நீ நன்றி நன்றி என்று வரிசையாகப் பரிமாறினால் அவர்களுக்குத் தொண்டையில் இறங்காது. நீ கொடுப்பதை வாங்க வேண்டுமானால், அவர்கள் கொடுப்பதையும் நீ வாங்கிக்கொள்ள வேண்டும்" என்றேன்.

மகள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "கேட்கிறேன்" என்றாள்.

அந்த வியாழக்கிழமை இங்கே விடிந்து வெள்ளிக்கிழமையாகிவிட்டது. டெலிபோனில் முகம் பார்த்துப் பேசினோம். மேஜை மேல் நம் பதார்த்தங்களுக்கு நடுவே அந்தப் பலகாரம், ஓரம் கொஞ்சம் கறுத்துப்போய், வீற்றிருந்தது. "மூன்று வருஷமாகச் செய்யவில்லை, அடுப்புச் சூடு மறந்துவிட்டது" என்றாராம் அந்த அம்மாள். ஆனாலும் காலை ஆறு மணிக்கே எழுந்து மாவு பிசைந்தாராம்.

கோழியை இரண்டு தடவை போட்டுக்கொண்டார். அரிசிம்பருப்பைக் கரண்டியால் ஒழுங்காகச் சாப்பிட்டார். தொக்கைத் தொட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், காரந்தான், வேறில்லை. பாயசக் கிண்ணத்தை வாயில் வைத்ததும் நிறுத்திவிட்டார். இது என்ன முத்து என்று கேட்டார். மகள் சொன்னாள்: எங்கள் ஊர்க் கிழங்கில் செய்வது என்று. "எங்கள் அம்மா செய்வாள்" என்றாராம் அவர். அமெரிக்காவில் அந்தக் காலத்து வீடுகளில் இதே கிழங்கு முத்தைப் பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிக் குழந்தைகளுக்குக் கொடுக்கிற வழக்கம் உண்டாம்! நாம் நம் சொத்து என்று பெருமைப்பட்டுக்கொண்டு வைத்தது, அவருக்கு அறுபத்தைந்து வருஷத்துக்கு முந்திய தாய்வீட்டு ருசி.

டெலிபோனில் என்னை அவருக்குக் காட்டினாள். எனக்கு இங்கிலீஷ் நாலு வார்த்தை. அவருக்குத் தமிழ் பூஜ்யம். நான் கை கூப்பினேன். அவரும் கையைக் கூப்பினார், கரண்டியைக் கீழே வைக்காமலேயே. பேரப்பிள்ளை அவர் மடியில் உட்கார்ந்து முந்திரியைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

தை மாதம் பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பு மகள் மறுபடியும் கூப்பிட்டாள். பொங்கலுக்குத் தானும் வரலாமா என்று அந்த அம்மாள் கேட்டாராம். பானை பொங்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று காகிதத்தில் ஆங்கில எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போயிருக்கிறாராம். அவர் பங்குக்கு என்ன கொண்டு வரட்டும் என்று விசாரித்திருக்கிறார். கரும்பு அங்கே கிடைப்பது கஷ்டம். மஞ்சள் கொத்தும் கிடையாது. "அரசாணிக்காய் ஒன்று வாங்கி வரச் சொல், தோல் கெட்டியாகப் பார்த்து" என்று சொல்லி வைத்தேன்.