மூணும் மூன்றும்

எழுதிப் பிழைப்பவனுக்கு எழுத்துப் பிழையைப்போல அவமானம் தருவது வேறில்லை. உண்மையை மறைப்பானேன்? இன்றும் 'மூன்று' என்று எழுதும்போது என் பேனா ஒரு கணம் தயங்கும். ஏழு வயதில் சிலேட்டில் 'மூண்று' என்று எழுதி வாங்கிய பிரம்படியின் நினைவு அது. அடித்தவர் எது சரி என்று சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை.

சென்ற ஆண்டு பென்னாகரம் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் என் தங்கை மகளைப் பார்க்கப் போயிருந்தேன். 2022-இல் அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் படங்களும் அட்டைகளும் மூன்றாம் வகுப்புச் சுவரில் தொங்கின. பெங்களூரில் கட்டட வேலை செய்த பெற்றோருடன் அலைந்துவிட்டு, பாதி ஆண்டில் வந்து சேர்ந்த பையன் ஒருவன் கடைசி வரிசையில் இருந்தான். அவன் நோட்டை எட்டிப் பார்த்தேன். 'மூண்று ஆடு' என்று இருந்தது. என் உள்ளங்கை கூசிற்று.

"அவன் மக்கு இல்லை, மாமா. வீட்டில் ஒண்ணு, மூணு என்றுதானே பேசுகிறோம்? காதில் விழுந்ததை எழுதியிருக்கிறான்" என்றாள் அவள்.

இத்தனை வருஷம் என் குற்றம் என்று நான் நினைத்திருந்தது, காதின் நேர்மைதானா!

அவள் சிவப்பு மையைத் தொடவில்லை. தருமபுரி பஸ்களிலும் தெருப் பலகைகளிலும் பிள்ளைகள் தினம் பார்க்கும் சொற்களைக் கரும்பலகையில் எழுதினாள். இண்டூர், மாரண்டஹள்ளி, ஒன்றியம், மன்றம், பேருந்து, சந்தை. "உரக்கப் படியுங்கள். எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எது உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்."

வகுப்பு கூவிப் படித்தது. அந்தப் பையன் மட்டும் எழுந்து வந்து ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை ஓட்டினான்.

"டீச்சர், 'ட'வுக்கு முன்னால மூணு சுழி. 'ற'வுக்கு முன்னால ரெண்டு சுழிதான். 'த'வுக்கு முன்னால வேற 'ந' வருது."

சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். யாரும் சொல்லாமலே ரப்பரை எடுத்து ஒரு சுழியை அழித்தான்.

பெரியவர்கள் இவற்றுக்கு டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்று பெயர் வைத்ததன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. எது எதற்கு முன் வரும் என்ற விதி பெயரிலேயே இருக்கிறது. 'ட' சொல்ல நாக்கு தொடும் இடத்தையே 'ண' சொல்லவும் தொடுகிறது. அதனால் வந்த உறவு இது. தொல்காப்பியம் முதலான இலக்கணங்கள் மெய்ம்மயக்கம் என்று விரித்துப் பேசும் விஷயத்தின் ஒரு பகுதி. நாமோ மூன்று சுழி, இரண்டு சுழி என்று சுழியை எண்ணிக்கொண்டு உறவை விட்டுவிட்டோம்.

எல்லாவற்றுக்கும் இந்த விதி உதவாது. பூவின் மணத்துக்கும் மனிதனின் மனத்துக்கும் எந்தச் சுழி என்பதைப் பொருள் அறிந்து, படித்துப் படித்துத்தான் பழக வேண்டும்.

பொங்கல் கழிந்ததும் அந்தப் பையன் பெற்றோருடன் மறுபடி பெங்களூர் போய்விட்டதாகத் தங்கை மகள் கடிதம் எழுதியிருந்தாள். நோட்டைப் பள்ளியிலேயே விட்டுப் போய்விட்டானாம். போகட்டும். அவன் தானே கண்டுபிடித்தது அந்த நோட்டில் இல்லை.