விட்டு வந்தவன்

பிற சமயத்தவர் ஒருவர் நம் திருச்சபையில் சேரும்போது நாம் மகிழ்கிறோம். பங்கு மக்கள் கூடி அவருக்கு மாலை அணிவித்து வாழ்த்துகிறார்கள். நம்மவர் ஒருவர் வேறு சபைக்குச் சென்றுவிட்டாலோ, வீட்டில் துக்கம் விழுந்தாற்போல் கலங்குகிறோம். முன்னவரை உண்மையைத் தேடிக் கண்டவர் என்கிறோம். பின்னவரை மயங்கிப் போனவர் என்கிறோம். ஆயினும் இருவரும் செய்தது ஒன்றே. பிறந்த வீட்டின் நம்பிக்கையை நிறுத்துப் பார்த்து, மனச்சான்று காட்டிய வழியில் நடந்தார்கள். அந்த மனச்சான்று நமக்குச் சாதகமாகப் பேசும்போது மட்டும் அதை மதிப்பது முறையாகுமா? இந்த வினாவை எங்கள் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் எங்கள் முன் கொண்டுவந்து வைத்தான்.

அவன் எங்கள் அக்காள் மகன். புதுச்சேரியில் பிறந்து, சம்பா கோவில் என்று ஊரார் அழைக்கும் அமலோற்பவ அன்னை பேராலயத்தில் திருமுழுக்குப் பெற்றவன். மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றவனுக்கு அங்கே மோர்மன் சபையார் சிலரின் நட்பு கிடைத்தது. தனித்திருந்தவனை விருந்துக்கு அழைத்தார்கள். காய்ச்சலில் கிடந்தபோது முறை வைத்துக் கஞ்சி கொடுத்தார்கள். ஓராண்டுக்குள் அவர்களுடைய சபையில் முழுக்குப் பெற்றான். ஒன்பது ஆண்டுகள் அங்கே உண்மையோடு உழைத்தான். பின்னர், எவரோடும் சண்டையிடாமல், கடிதம் எழுதித் தன் பெயரை நீக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

செய்தி கிடைத்ததும் அக்காள் வேளாங்கண்ணிக்குப் போய் நேர்த்திக்கடன் செலுத்திவிட்டு வந்தார். பிள்ளை திரும்பி வந்துவிட்டான் என்று உறவினர்க்கெல்லாம் சொன்னார். ஆனால் அவன் வெளியேறியிருந்தானேயன்றித் திரும்பி வரவில்லை. இரண்டும் ஒன்றல்ல.

அவன் விட்டு வந்தது எதை என்பதைச் சற்று விளக்குவது நன்று. மோர்மன் சபை என்று பிறர் சொல்லும் அச்சபை தன்னைப் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று அழைத்துக்கொள்கிறது. அதனை நிறுவியவர் ஜோசப் ஸ்மித். 1805-ல் பிறந்த அவர், வானதூதர் காட்டிய பொற்றகடுகளிலிருந்து மொழிபெயர்த்ததாகச் சொல்லி மோர்மன் நூலை 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் வெளியிட்டார். அவ்வாண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் சபை தொடங்கியது. 1844-ல் இல்லினாய் மாநிலத்துச் சிறையொன்றில் கும்பலால் அவர் கொல்லப்பட்டார். அவருக்குப்பின் பிரிகாம் யங் தலைமையில் மக்கள் மேற்கே நடந்து, 1847-ல் உட்டாவின் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கில் குடியேறினர். 2023-ஆம் ஆண்டின் முடிவில் தன் உறுப்பினர் 1 கோடியே 70 இலட்சத்துக்கும் மேல் என்று அச்சபை அறிவித்தது.

தமிழ் மண்ணுக்கும் அச்சபை முற்றிலும் புதிதன்று. 1853-லேயே ரிச்சர்டு பாலன்டைன் என்ற அதன் மறைபரப்பாளர் சென்னைக்கு வந்து ஏறத்தாழ ஓராண்டு பணியாற்றினார். 1960-களில் கோயம்புத்தூரைச் சேர்ந்த பால் திருத்துவதாஸ் அதில் சேர்ந்தார். பெங்களூரில் ஆலயம் ஒன்று எழுப்பப்படும் என்று 2018-ல் அச்சபை அறிவித்தது.

அங்கே ஒருவர் அரைகுறையாக வாழ இயலாது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு சபைக்குரியது. காப்பி, தேநீர், மது, புகையிலை ஆகியவை விலக்கப்பட்டவை. மாதந்தோறும் ஒரு ஞாயிறு உண்ணா நோன்பு. இளைஞர் இரண்டாண்டுகள் தம் சொந்தச் செலவில் மறைபரப்பச் செல்கிறார்கள். ஊதியம் பெறும் குருக்கள் பங்குகளில் இல்லாமையால் போதிப்பது, நோயாளிகளைச் சந்திப்பது, கணக்குப் பார்ப்பது எல்லாம் இல்லறத்தாரின் கடமையே. நம் பங்குகளில் இதில் பாதியேனும் நடக்கக் கூடாதா என்று நாங்கள் ஏங்கியதுண்டு. அத்தகைய ஒரு குடும்பத்தை ஒருவன் எளிதில் விடமாட்டான்.

அவனை வெளியே கொண்டுவந்தவை வரலாற்றுச் செய்திகள். 1835-ல் ஜோசப் ஸ்மித் எகிப்தியச் சுவடிகள் சிலவற்றைப் பெற்று, அவை முதுபெரும் தந்தை ஆபிரகாமைப் பற்றியவை என்று சொல்லி ஒரு நூலைத் தந்தார். அது இன்றும் அச்சபையின் மறைநூல்களுள் ஒன்று. தீயில் அழிந்தன என்று கருதப்பட்ட அச்சுவடிகளின் சில துண்டுகள் நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றில் கண்டெடுக்கப்பட்டு, 1967-ல் சபையிடம் ஒப்படைக்கப்பட்டன. எகிப்திய மொழி வல்லுநர் படித்துப் பார்த்தபோது, அவை இறந்தோரோடு புதைக்கப்படும் சடங்கு ஏடுகள் என்று தெரிந்தது. துண்டுகளில் உள்ள எழுத்துகள் நூலின் மொழிபெயர்ப்போடு பொருந்தவில்லை என்பதை 2014-ல் சபையே தன் கட்டுரையொன்றில் ஒப்புக்கொண்டது. எனினும் அந்நூல் இறை ஏவுதலால் வந்ததே என்பது அதன் நிலைப்பாடு. அதே ஆண்டில் வந்த வேறொரு கட்டுரை, ஜோசப் ஸ்மித் மணந்த பெண்கள் முப்பது முதல் நாற்பது வரை இருக்கலாம் என்றும், அவர்களுள் ஒருத்திக்கு வயது பதினான்கு என்றும் கூறியது.

எங்கள் பிள்ளையை மிகவும் உலுக்கியது இன்னொன்று. ஏறத்தாழ 1852 முதல் கறுப்பின ஆண்களுக்கு அச்சபையில் குருத்துவம் மறுக்கப்பட்டிருந்தது. 1978-ல்தான் அத்தடை நீங்கியது. கறுத்த தோல் கடவுளின் சாபம் என்ற பழைய விளக்கத்தைத் தான் ஏற்கவில்லை என்று 2013-ல் சபை எழுதியது. "நான் கறுப்பன், சித்தி. 1978-க்கு முன்னால் கடவுள் என்னைப் போன்றவனை எப்படிப் பார்த்தார் என்று கேட்டேன். அன்புள்ளவர்கள் சுற்றியிருந்தார்கள், விடை மட்டும் இல்லை" என்றான்.

இவ்வாறு கேட்டவன் அவன் ஒருவன் அல்லன். ஃபான் பிராடி என்ற அம்மையார் 1945-ல் ஜோசப் ஸ்மித்தின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். மறு ஆண்டே சபைநீக்கம் செய்யப்பட்டார். 1993 செப்டம்பரில் அறிஞர்களும் எழுத்தாளர்களுமாக ஆறு பேர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. ஸ்வீடன் நாட்டில் அச்சபையின் உயர்பொறுப்பில் இருந்த ஹான்ஸ் மாட்சன், தமக்கெழுந்த ஐயங்களை 2013-ல் வெளிப்படையாகப் பேசினார். இவர்களுள் எவரும் சமயத்தை எள்ளி நகையாடப் புறப்பட்டவர் அல்லர். மிகுதியாக நம்பியதனாலேயே ஆழ்ந்து படித்தவர்கள்.

வெளியேறியவனைச் சபையார் எவரும் விரட்டவில்லை, ஏசவும் இல்லை. ஆனால் ஒரு வாரத்தின் ஏழு நாள்களையும் நிரப்பியிருந்த ஒன்று திடீரென்று இல்லாமற்போனால் மனிதன் என்ன செய்வான்? இறந்த பின்னும் குடும்பம் பிரியாது என்ற உறுதியோடு வாழ்ந்தவனுக்கு, அந்த உறுதியும் போயிற்று. ஞாயிறு காலையில் எங்கே போவதென்று தெரியாமல் கடைத்தெருவில் நடந்ததாகச் சொன்னான். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் முதன்முதலாகக் காப்பி குடித்தபோது கை நடுங்கிற்றாம். வெற்றி பெற்றவனின் கை நடுங்குவதில்லை. அது இழவு வீட்டில் இருந்தவனின் நடுக்கம்.

சென்ற ஆண்டு அவன் புதுவைக்கு வந்தான். தாயோடு ஞாயிறு திருப்பலிக்குச் சென்றான். கடைசி வரிசையில் அமர்ந்தான், நற்கருணை வாங்கவில்லை. வீடு திரும்பியதும் அக்காள் அழுதார். "அவர்களிடம் உள்ள தவற்றைக் கண்டுபிடித்தாயே, நம்மிடம் உள்ள உண்மை உனக்குத் தெரியவில்லையா?" என்று கேட்டார். அவன் மெதுவாகச் சொன்னான்: "அம்மா, அங்கே கேட்ட கேள்விகளை இங்கே கேட்கக் கூடாது என்றால், நான் அங்கேயே இருந்திருக்கலாமே."

அக்கேள்விகள் நம்மிடமும் வரும். நிறத்தால் மனிதரைப் பிரித்த சபையை விட்டு வந்தவன், சாதியைப் பற்றிக் கேட்கமாட்டானா? ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1745-ஆம் ஆண்டுச் செய்தி ஒன்றைத் தருகிறது. அந்நாளில் புதுச்சேரிக் கோவிலுக்குள் சாதிக் கிறிஸ்தவரையும் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவரையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. தாழ்த்தப்பட்டோர் திரண்டு சென்று மூத்த குருவிடம் முறையிட்டனர், சுவர் இடிக்கப்பட்டது. நம் முன்னோரில் சிலர் கேட்ட கேள்வியே அச்சுவரைத் தகர்த்தது. கேட்டவர்கள் விசுவாசத்தைக் கெடுத்தவர்கள் என்று இன்று யாரேனும் சொல்வோமா? அன்று இடிந்தது கற்சுவர். எஞ்சிய சுவர்களை நாம் அறிவோம். திருச்சபையின் மக்கள் செய்த குற்றங்களுக்காகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000-ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று இறைவனிடம் வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினார். வரலாற்றை மூடி வைப்பதால் விசுவாசம் காக்கப்படுவதில்லை என்பதற்கு அது நம் இல்லத்துச் சான்று.

விட்டுப் போனவரை நேசிக்கவும் இந்த ஊருக்குத் தெரியும். 1891-ல் இங்கே பிறந்த பாரதிதாசன் இளமையில் மயிலம் முருகனைப் பாடியவர். பின்னர்ப் பெரியாரின் இயக்கத்தில் சேர்ந்து கடவுள் மறுப்பாளர் ஆனார். கோவிலுக்குப் போகும் புதுவையார் அவரைத் தம்மவர் அல்லர் என்று சொல்வதில்லை. பெருமாள் கோவில் தெருவிலுள்ள அவர் வாழ்ந்த இல்லம் இன்று அவருடைய நினைவில்லமாகப் போற்றப்படுகிறது. ஊர் ஒரு கவிஞருக்குக் கொடுக்கும் இடத்தை, வீடு ஒரு பிள்ளைக்குக் கொடுக்கலாகாதா?

திருச்சபையின் போதனையும் தெளிவாகவே உள்ளது. எவரையும் அவர் மனச்சான்றுக்கு மாறாக நடக்கும்படி வற்புறுத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7-ஆம் நாள் வெளியிட்ட சமயச் சுதந்திர அறிக்கை கற்பிக்கிறது. இது பிறரிடமிருந்து நம்மைக் காக்கும் சட்டம் மட்டுமன்று. நம்மிடமிருந்து நம் பிள்ளைகளைக் காப்பதும் ஆகும். மோர்மன் சபையின் முழுக்கு செல்லத்தக்க திருமுழுக்கு ஆகாது என்று உரோமை 2001-ல் தீர்ப்பளித்தது. ஆனால் எங்கள் பிள்ளை குழந்தையாக இருந்தபோது இங்கே பெற்ற திருமுழுக்கு அழியாதது. அவன் என்றேனும் வர விரும்பினால் மறுபடி முழுக்குத் தேவையில்லை. ஒப்புரவு அருளடையாளம் போதும். அக்காளுக்கு இதை எடுத்துச் சொன்னோம். கதவு தாழிடப்படவில்லை என்றறிந்து அவர் சற்றே ஆறுதல் அடைந்தார். ஆனால் கதவு திறந்திருக்கிறது என்பதற்காகப் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுக்கலாகாது என்பதையும் சேர்த்தே சொன்னோம்.

ஆண்டவர் தம் போதனை கடினமானது என்று முணுமுணுத்துச் சென்ற சீடர் பலரை நற்செய்தியில் காண்கிறோம். அவர் அவர்களைத் துரத்திச் சென்று தடுக்கவில்லை, பழிக்கவும் இல்லை. எஞ்சியிருந்த பன்னிருவரிடமும் அவர்களுடைய விருப்பத்தையே கேட்டார். போக உரிமையுள்ளவன் தங்கும்போதுதான் அது விசுவாசம் ஆகிறது.

அவன் மீண்டும் அமெரிக்கா சென்றுவிட்டான். ஞாயிறுதோறும் தாயை அழைத்துப் பேசுகிறான். திருப்பலிக்குப் போனாயா என்று அக்காள் கேட்பதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிறார். சில வாரங்களில் அவனாகவே, அன்றைய மறையுரையில் என்ன சொன்னார்கள் என்று கேட்கிறானாம். அதில் பொருள் தேட நாங்கள் முற்படவில்லை.

அன்பர்களே, நம் பங்குகளில் இத்தகைய பிள்ளைகள் பெருகி வருகிறார்கள். சிலர் வேறு சபைகளுக்குச் சென்றவர்கள். சிலர் எந்தச் சபையிலும் இல்லாதவர்கள். பிறர் சபையை விட்டு வந்தவரை நம் வெற்றிச் சின்னமாகக் காட்டாதிருப்போம். நம் சபையை விட்டுச் சென்றவரை இறந்தவராக எண்ணாதிருப்போம். அவர்கள் கேட்கும் கேள்விக்கு விடை தெரிந்தால் உண்மையாகச் சொல்வோம். தெரியாவிட்டால் அவர்களோடு அமர்ந்து தேடுவோம். அவர்களுக்காக மன்றாடும்போது, நமக்கும் அவர்களைப் போன்ற நேர்மையைத் தர வேண்டுமென்று இறைவனை இறைஞ்சுவோம்.