கேரி வீட்டுக் கணக்கு

ஆபீஸில் குப்பை கொட்டுகிற எல்லோருக்கும் தெரியும், டிரான்ஸ்ஃபர் இரண்டு வகை. கம்பெனி போடுவது ஒன்று, நாமே கேட்டு வாங்குவது இன்னொன்று. முதல் வகையில் ஒரு சௌகரியம். "நான் என்னம்மா பண்றது? ஆர்டர் போட்டுட்டான்" என்று வீட்டில் கையை விரித்துவிடலாம். இரண்டாவது வகையில் அந்த வசதி கிடையாது. "நீங்களா கேட்டு வாங்கினீங்க?" என்ற கேள்வி ரிடையர் ஆகும்வரை துரத்தும்.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. ஆண்டவனே ஆர்டர் போடுவது. அதற்கு மேல் அப்பீல் கிடையாது. 'வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்லை' என்று எழுதிக் கொடுத்து ரத்து செய்யவும் முடியாது. கடல் கடந்து போன கிறிஸ்தவ மிஷனரிகள் கையில் இருந்தது இந்த ஆர்டர்தான்.

அவர்கள் கட்டிய பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, போட்ட அகராதி எல்லாம் பாடப் புத்தகத்திலேயே வந்துவிட்டது. பி.காம். படித்தவன் புத்தி அதோடு நிற்குமா? மாசக் கடைசியில் அந்த வீட்டில் எவ்வளவு மிச்சம், அடுப்படியை யார் பார்த்தார்கள், குழந்தைக்கு ஜுரம் வந்தால் யார் கண் விழித்தார்கள் என்றுதான் போகும். வரவு பக்கம் பிரமாதமாக இருந்தால் பற்று பக்கத்தைப் புரட்டிப் பார் என்பது எங்கள் குலதர்மம். அப்படிப் புரட்டியபோது அகப்பட்டவர் வில்லியம் கேரி.

கேரி பெரிய இடத்துப் பிள்ளை இல்லை சார். 1761-ல் இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். செருப்புத் தைக்கிற தொழில். கூடவே வாத்தியார் வேலை, சர்ச்சில் பிரசங்கம். மூன்று வேலை பார்த்தும் வீட்டில் பற்றாக்குறை. 1781-ல் டாரதி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டார். டாரதி அவரைவிட வயதில் மூத்தவர். கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்து போடத் தெரியாமல் ஒரு சிலுவைக் குறி போட்டார். இந்தச் சிலுவைக் குறியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1792-ல் கேரியும் நண்பர்களும் சேர்ந்து வெளிநாட்டுக்கு ஊழியர்களை அனுப்ப ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். முதல் நாள் வசூல் 13 பவுண்டு, 2 ஷில்லிங், 6 பென்ஸ். அதுவும் ரொக்கமில்லை, 'தருகிறேன்' என்ற வாக்குதான். எழுதிக் கொடுத்த சீட்டுகளை ஒரு மூக்குப்பொடி டப்பாவில் போட்டு வைத்தார்களாம். உலகத்தையே மாற்றப் போகிற சங்கத்தின் கஜானா மூக்குப்பொடி டப்பா. நம்ம குடியிருப்போர் நலச் சங்கம் எவ்வளவோ தேவலை.

'நான் இந்தியா போகிறேன்' என்று கேரி கிளம்பினார். டாரதி, 'நான் வரவில்லை' என்று சொல்லிவிட்டார். சொன்னதில் என்ன தப்பு? வயிற்றில் குழந்தை. வீட்டில் மூன்று பையன்கள். ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தைகளைப் பறிகொடுத்தவர். பிறந்த ஊரைத் தாண்டி அதிகம் போகாத பெண்ணிடம் ஐந்து மாதம் கப்பலில் வா என்றால்?

கேரி மூத்த பையன் ஃபீலிக்ஸை மட்டும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார். அப்போதும் விசா பிரச்சினை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதிச் சீட்டு இல்லை என்று பாதியிலேயே இறக்கிவிட்டார்கள். வேறு கப்பல் பார்ப்பதற்குள் டாரதிக்குக் குழந்தை பிறந்துவிட்டது. கேரியும் கூட வருவதாக இருந்த டாக்டர் ஜான் தாமஸும் மறுபடி வீட்டுக்குப் போய்க் கேட்டார்கள். மறுபடியும் 'முடியாது'. திரும்பி நடந்தவர்களில் தாமஸுக்கு மனசு ஆறவில்லை. தனியாக வந்து, 'இப்போது வராவிட்டால் குடும்பம் சிதறிவிடும், ஆயுசுக்கும் வருத்தப்படுவாய்' என்று டாரதியைப் பயமுறுத்தினார். டாரதி இறங்கி வந்தார். ஒரே ஒரு நிபந்தனை. தங்கை கிட்டியும் கூட வரவேண்டும்.

இந்த இடத்தை என் மனைவியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்தம்மா எத்தனை தடவை முடியாதுன்னு சொன்னாங்க?"

"முதல்ல ஒரு தடவை. அப்புறம் இவங்க திரும்பிப் போனப்போ இன்னொரு தடவை."

"ரெண்டு தடவை சொல்லியும் மூணாவது தடவை போய்க் கேட்டா, அது கேக்கறது இல்லீங்க. வேற ஏதோ."

கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் யாராவது கண்டுபிடித்தால் எழுதிப் போடுங்கள்.

1793 ஜூன் 13-ம் தேதி டென்மார்க் கப்பலில் ஏறி, நவம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். கொண்டு வந்த பணம் சீக்கிரமே காலி. பண விஷயத்தைக் கவனித்தவர் தாமஸ். அவருக்குச் செலவு செய்கிற கைராசி அதிகம். இரவல் வீட்டில் குடித்தனம். டாரதிக்கும் ஃபீலிக்ஸுக்கும் வயிற்றுக்கடுப்பு. அங்கிருந்து சுந்தரவனக் காட்டோரம் போனார்கள். உப்பு இலாகாவில் இருந்த ஒரு கம்பெனி அதிகாரி இரக்கப்பட்டுத் தன் வீட்டில் இடம் கொடுத்தார். அந்த அதிகாரிக்கும் தங்கை கிட்டிக்கும் பிடித்துப்போயிற்று. பிறகு கேரிக்கு வடக்கே மால்டா பக்கம் மட்னாபட்டியில் அவுரித் தொழிற்சாலை மேனேஜர் வேலை கிடைத்தது. மாதம் 200 ரூபாய். குடும்பம் கிளம்பியது. கிட்டி கிளம்பவில்லை. அவரைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டார்.

டாரதி போட்டது ஒரே நிபந்தனை. அதுவும் போயிற்று.

1794-ல் மட்னாபட்டியில் பையன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்து போனான். ஐந்து வயசு. சவப்பெட்டி செய்யவோ குழி வெட்டவோ ஆள் வரவில்லை. ஜாதி போய்விடும் என்று பயம். அலைந்து திரிந்துதான் அந்தப் பிள்ளையை அடக்கம் செய்தார்கள். கேரியும் அப்போது ஜுரத்திலிருந்து எழுந்த ஆள்.

அடுத்த வருஷம் டாரதிக்குப் புத்தி பேதலித்துவிட்டது. புருஷனுக்கு வேறு பெண்களோடு தொடர்பு என்று நம்பினார், தெருவில் பின்னாலேயே போய்க் கத்தினார். ஒருமுறை கத்தியை எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். கேரி ஒழுக்கத்தில் அப்பழுக்கில்லாதவர் என்று கூட இருந்தவர்கள் எல்லோரும் எழுதி வைத்திருக்கிறார்கள். மன வியாதிக்கு மருந்தே இல்லாத காலம். அறையில் பூட்டி வைப்பதுதான் வைத்தியம்.

இதற்கு நடுவில்தான் கணக்கில் ஒரு நல்ல பக்கம் வருகிறது. 1799 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து புதுக் கோஷ்டி வந்தது. ஜோஷுவா மார்ஷ்மேன், அவர் மனைவி ஹன்னா, அச்சுத் தொழில் தெரிந்த வில்லியம் வார்டு, இன்னும் சிலர். கம்பெனி எல்லையில் மிஷனரிகளுக்கு அனுமதி இல்லை. அதனால் ஹூக்ளி நதிக்கரையில் டென்மார்க்காரர்கள் கையில் இருந்த செராம்பூரில் இறங்கினார்கள். நம்ம தரங்கம்பாடியும் அப்போது அதே டென்மார்க் வசம்தான். 1845-ல் இரண்டு ஊர்களையும் ஒன்றாகவே பிரிட்டிஷ்காரர்களுக்கு விற்றார்கள்.

1800 ஜனவரியில் கேரியும் குடும்பத்தோடு அங்கே போய்ச் சேர்ந்தார். ஆற்றங்கரையில் ஒரு பெரிய வீட்டை 6,000 ரூபாய்க்கு வாங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை. வெள்ளைக்காரர்கள் நடத்திய அசல் கூட்டுக்குடும்பம்! சட்டதிட்டங்களைக் கேளுங்கள். யார் சம்பாதித்தாலும் பொது நிதிக்குப் போகவேண்டும். தனியாக வியாபாரம் கூடாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் கைச்செலவுக்குச் சின்னத் தொகை. வீட்டு நிர்வாகம் மாதம் ஒருவர். பொக்கிஷமும் மருந்துப் பெட்டியும் கேரி வசம். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது சனிக்கிழமை சாயங்காலக் கூட்டம். அந்த வாரத்து மனஸ்தாபங்களை அன்றைக்கே பேசித் தீர்த்துவிட வேண்டும். பாக்கியை அடுத்த வாரத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. எவ்வளவு நல்ல அக்கவுண்டிங் பாருங்கள்.

இந்த வீட்டைத் தாங்கிய தூண் ஹன்னா. வந்த வருஷமே மார்ஷ்மேன் தம்பதி வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். பொது நிதிக்கு நல்ல வருமானம். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, பெரியவர்களுக்குச் சாப்பாடு, தன் குழந்தைகள், எல்லாம் ஹன்னா பொறுப்பு. கேரியின் பையன்கள் அப்பா கண்டிக்காமல், அம்மா பார்க்க முடியாமல் தறிகெட்டுத் திரிந்தார்கள். அவர்களையும் ஹன்னாவும் மார்ஷ்மேனும் வார்டும்தான் வழிக்குக் கொண்டுவந்தார்கள். 1847-ல் சாகும்வரை ஹன்னா செராம்பூரில்தான் இருந்தார். சிலையெல்லாம் ஆண்களுக்குப் போய்விட்டது, அது வேறு விஷயம்.

1800 டிசம்பர் 28. செராம்பூர் வீட்டின் மகத்தான நாள். ஏழு வருஷம் காத்திருந்த பிறகு முதல் வங்காளி ஞானஸ்நானம் பெறுகிறார். கிருஷ்ண பால் என்ற தச்சர். அவர் தோள் பிசகியபோது வைத்தியம் பார்த்தவர் நம்ம டாக்டர் தாமஸ்தான். கேரியே ஹூக்ளி ஆற்றில் இறங்கி, முதலில் 15 வயசு ஃபீலிக்ஸுக்கும் பிறகு கிருஷ்ண பாலுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார். கரை நிறையக் கூட்டம். டென்மார்க் கவர்னரே வந்திருந்தார்.

அந்த நேரத்தில் பூட்டிய அறையில் டாரதி கத்திக்கொண்டிருந்தார். இன்னோர் இடத்தில் தாமஸ். வருஷக்கணக்காக எதிர்பார்த்த நாள் வந்துவிட்ட பரவசத்தில் அவருக்கும் சித்தம் கலங்கிவிட்டது, அவரையும் அடைத்து வைத்திருந்தார்கள். 'வராவிட்டால் வருத்தப்படுவாய்' என்று சொன்னவரும், கேட்டுக்கொண்டு வந்தவரும் ஒரே நாளில் ஆளுக்கொரு அறையில். இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கேரியை வில்லனாக்கிவிட வேண்டாம். அது சுலபமான வேலை. மனைவியைக் காப்பகத்தில் சேர்க்க அவர் சம்மதிக்கவில்லை, பன்னிரண்டு வருஷம் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார். 1801-ல் கல்கத்தா ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் வங்காளமும் சமஸ்கிருதமும் சொல்லிக் கொடுக்கப் போனார். மாதம் 500 ரூபாய். அந்தக் காலத்தில் ராஜ சம்பளம். கைச்செலவு போக எல்லாம் பொது நிதிக்கு. அதே வருஷம் வங்காளத்தில் புதிய ஏற்பாடு வந்தது. செராம்பூர் அச்சகத்திலிருந்து போகப் போகச் சுமார் 40 மொழிகளில் வேதாகமமோ அதன் பகுதிகளோ வெளியாயின. 1818-ல் கல்லூரி கட்டினார்கள். இன்றைக்கும் நடக்கிறது. பக்கத்து அறையில் டாரதியின் சத்தம் கேட்டுக்கொண்டே மொழிபெயர்த்த மனுஷன் அவர்.

டாரதி 1807 டிசம்பரில் இறந்தார். அடுத்த மே மாதமே கேரி, ஷார்லட் என்ற டென்மார்க் சீமாட்டியை மணந்தார். 'இவ்வளவு அவசரமா?' என்று நண்பர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் படித்தவர், ஊழியத்தில் ஆர்வம் உள்ளவர், விரும்பி வந்தவர். அந்தப் பதின்மூன்று வருஷம் கேரி வீட்டில் நிம்மதி இருந்தது. விரும்பி வந்தவருக்கும் இழுத்து வந்தவருக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிட எப்படிச் சொல்ல?

ஆர்டர் அடுத்த தலைமுறைக்கும் தொடர்ந்தது. ஃபீலிக்ஸ் பர்மாவுக்குப் போனார். 1814-ல் ஐராவதி ஆற்றில் படகு கவிழ்ந்து அவர் மனைவியும் குழந்தைகளும் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தச் சிலுவைக் குறி ஞாபகம் இருக்கிறதா? கேரி எழுதிய கடிதங்கள், டைரி எல்லாம் இருக்கின்றன. வார்டின் டைரி இருக்கிறது. டாரதி எப்படிப்பட்டவர் என்று நமக்குத் தெரிவதெல்லாம் இவர்கள் எழுதி வைத்ததுதான். புருஷன் நாற்பது மொழிக்கு வேலை செய்த வீட்டில் டாரதி பக்கத்துக் கதையைச் சொல்ல ஒரு மொழியும் இல்லை. வரவு எல்லாம் மிஷன் பெயரில். செலவில் பெரும்பகுதி டாரதி பெயரில். இந்த மாதிரி பேலன்ஸ் ஷீட் டேலி ஆகிவிட்டது என்று எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போட்டால் நான் நம்பமாட்டேன்.

ஊழியம் பெரிசா, குடும்பம் பெரிசா என்று பட்டிமன்றம் வைக்க நான் வரவில்லை. பெரிய காரியம் செய்கிறவன் வீட்டிலும் யாரோ ஒருவர் பில் கட்டுகிறார். அந்த பில்லில் அவர் பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான். துபாயோ டெட்ராய்ட்டோ, ஆன்சைட் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு 'அங்கே போனா எல்லாம் சரியாயிடும்' என்று சொல்லப் போகிற தம்பிமார்கள், அந்தம்மா இரண்டு தடவை சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். 'முடியாது' என்பதும் ஒரு பதில்தான். பேரத்துக்கு ஆரம்பம் அல்ல.

செராம்பூர் வீட்டின் நல்ல பக்கத்தையும் விடக்கூடாது என்று எங்கள் வீட்டிலும் சனிக்கிழமை சாயங்காலக் கூட்டம் தொடங்கியிருக்கிறோம். நிர்வாகப் பொறுப்பு மாதாமாதம் மாறும் என்பது விதி. மூன்று மாதமாக ஒரே ஆள்தான் பொறுப்பில் இருக்கிறார். யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?