பச்சைப் பூதத்தின் வாய்

கண்ணா, நேற்று போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "மாமா தாத்தா, ஒரே குகையில நாலு பேரையும் காலி பண்ணிட்டேன். ஆனா ரெண்டு பேரு அடுத்த ஞாயிறு வரலைங்கிறாங்க." முதல் பாதியைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை தட்டியதே, அதை மறைக்க வேண்டாம். எனக்கும் அந்த வயதில் இருந்ததுதான்.

1983, மினியாபொலிஸ். மேல்படிப்புக்குப் போயிருந்தேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திர ஆட்டத்தை கேரி கைகாக்ஸோடு சேர்ந்து உருவாக்கி 1974இல் வெளிக்கொண்டுவந்த டேவ் ஆர்னெசன் அந்தப் பக்கத்துக்காரர். வெளியே முழங்கால் பனி, வாடகை வீட்டின் பேஸ்மென்டில் நாங்கள் ஐந்து பேர். உன்னைப் போலவே ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் நான். தாயக்கட்டை உருட்டி வளர்ந்தவன் கையில் இருபது முகப் பகடை கிடைத்தால் கேட்கவா வேண்டும்!

ஒரு சனிக்கிழமை 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' எடுத்தேன். 1975இல் ஒரு போட்டியில் ஆடப்பட்டு, 1978இல் அச்சுக்கு வந்த சாகசம். எதற்கும் அசையாத கெட்டிக்கார ஆட்டக்காரர்களை அசைத்துப் பார்க்கவே கைகாக்ஸ் அதை எழுதினார். நுழைவுப் பாதையின் கோடியில், சுவரில் பச்சை நிறத்தில் ஒரு பூதமுகம். வாய் அகலத் திறந்திருக்கும், உள்ளே கும்மிருட்டு. நுழைந்தவர் நுழைந்தவர்தான். பகடை உருட்டித் தப்பிக்கக்கூட வழி கிடையாது.

எங்கள் மேசையில் இலக்கியம் படிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். காணாமல்போன தங்கையைத் தேடி ஊர் ஊராக அலையும் ஒரு பூசாரிப் பெண்தான் அவளுடைய பாத்திரம். அவளுக்கென்று மூன்று பக்கம் கதை எழுதி வைத்திருந்தாள். "தங்கச்சி இதுக்குள்ள இருக்கலாம்" என்று முதல் ஆளாக வாய்க்குள் போனாள். "முடிஞ்சுது" என்றேன். இரண்டு பேர் கைதட்டிச் சிரித்தார்கள், அவர்கள் வந்ததே அதற்குத்தான். அவள் அந்த மூன்று பக்கத்தையும் நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, மீதி மூன்று மணி நேரம் மரியாதைக்கு உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் வரவில்லை.

இந்தச் சாகசம் யோசித்து ஆடுகிறவர்களுக்கானது, வெட்டு குத்து என்று இறங்கும் கூட்டத்துக்குப் பிடிக்காது என்று கைகாக்ஸே முன்குறிப்பில் எச்சரித்திருக்கிறார். ஆள் பார்த்துப் பரிமாறு என்கிறார் மனுஷன். நான் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு நேரே வரைபடத்துக்குப் போனவன்.

புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அடுத்த தப்பைச் செய்தேன். சதுரங்கப் பைத்தியம் ஒருவன் உண்டு. ஒவ்வொரு சண்டைக்கும் கட்டம் போட்ட தாளில் கணக்குப் போட்டுத்தான் அடி எடுத்து வைப்பான். ஒரு ராத்திரி அவன் பாத்திரம் சாகக் கிடந்தது. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் எதிரியின் அடிக்காக நான் உருட்டியதில் விழுந்தது 19. மனசு கேட்கவில்லை, "நாலு" என்றேன். அவன் பிழைத்தான், ஜெயித்தான், துள்ளிக் குதித்தான். காபி எடுக்க என் பக்கம் வந்தபோது பகடையைப் பார்த்துவிட்டான். "அப்ப நான் ஜெயிக்கவே இல்லையா?" என்றான். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அன்றோடு கட்டத் தாள் கொண்டுவருவதை நிறுத்திவிட்டான்.

ஒருத்திக்குச் சாவைக் கொடுத்துக் கெடுத்தேன், ஒருத்தனுக்கு உயிரைக் கொடுத்துக் கெடுத்தேன். யார் எதற்காக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இருவரிடமும் கேட்கவில்லை. இதையெல்லாம் 1980லேயே கிளென் பிளாக்கோ என்பவர் 'டிஃபரன்ட் வேர்ல்ட்ஸ்' இதழில் எழுதிவிட்டார். பலம் சேர்க்க ஆடுகிறவர், பாத்திரமாகவே வாழ ஆடுகிறவர், போர்த் தந்திரத்துக்காக ஆடுகிறவர், கதைக்காக ஆடுகிறவர் என்று நாலு போக்கு. அதற்காக ஆளைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடாதே. அதே சதுரங்கக்காரன் பரீட்சை முடிந்த வாரம் வந்து, ஒரு சத்திரக்காரனோடு இரண்டு மணி நேரம் குதிரைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தான்!

இருபது முகப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் வேண்டுமென்றால் சரிபாதி வாய்ப்பு, 15 அல்லது அதற்கு மேல் வேண்டுமென்றால் நூற்றுக்கு முப்பது. இந்தக் கணக்கு உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தோற்றால் எது போகும் என்பதுதான் வேறு கணக்கு. 1981இல் வந்த 'கால் ஆஃப் கதுல்ஹு' என்ற திகில் ஆட்டத்தில், புத்தி பேதலித்துப் போவோம் என்று தெரிந்தே ஆசையாக உட்காருகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு நான் வைத்திருக்க வேண்டிய சோதனை எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தோன்றியது. தங்கை கிடைக்கிறாள், ஆனால் அக்காவை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. யார் உயிரும் போகாது. ஆனால் அன்றைக்கு ராத்திரி அவள் தூங்கியிருக்க மாட்டாள்.

நீங்கள் 'செஷன் ஜீரோ' என்கிறீர்களே, ஆட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து பேசுவது, அதை நீ விட்டுவிட்டாய். போகட்டும், இப்போது அந்த இரண்டு பேருக்கும் போன் போடு. குகையில் எந்த இடம் வரைக்கும் நன்றாக இருந்தது என்று மட்டும் கேள். அவர்கள் சொல்லும்போது நடுவில் புகுந்து ரூல் பேசாதே. ஞாயிற்றுக்கிழமை பகடையை எல்லோர் கண்முன்னாலும் உருட்டு, உருட்டுவதற்கு முன்னால் என்ன பணயம் என்று சொல்லிவிடு.

பொங்கல் லீவுக்கு வரும்போது மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி போடு. எனக்கு ஜெயிக்கவும் வேண்டாம், கதையும் வேண்டாம். பக்கத்தில் நாலு பேர் கத்திக்கொண்டிருந்தால் போதும். முறுக்கு நான் கொண்டுவருகிறேன். பச்சை மூஞ்சி ஏதாவது வைத்திருந்தால் மட்டும் முன்னாடியே சொல்லிவிடு.